வேலைநிறுத்தம் செய்யக்கூடாத தன்னார்வலர்கள்

2024 ஜனவரி 6ஆம் தேதி ஆந்திர அரசு அங்கன்வாடிப் பணியை அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. ஆறு மாதங்களுக்கு யாரும் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. மாதம் 11,500 ரூபாய் பெறும் பணியாளர்களும் 7,000 ரூபாய் பெறும் உதவியாளர்களும் ஊதிய உயர்வும் பணிக்கொடையும் கேட்டு, முந்தைய டிசம்பர் 12 முதல் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். தில்லியிலும் இதே கதைதான். 2022 ஜனவரி கடைசியில் தொடங்கிய அங்கன்வாடிப் பெண்களின் வேலைநிறுத்தத்தை மார்ச்சில் அதே வகைச் சட்டம் தடை செய்தது.

எஸ்மா என்ற இதன் சுருக்கப் பெயர் தமிழர்களுக்கு அறிமுகமானது. தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டதை மறந்தவர் குறைவு. ஆனால் அவர்கள் அரசு ஊழியர்கள் என்பதில் அரசுக்கே ஐயம் இருந்ததில்லை. அங்கன்வாடிப் பணியாளரை மத்திய அரசின் திட்ட ஆவணங்கள் ஊழியர் என்று ஒப்புக்கொண்டதே இல்லை. உள்ளூரிலிருந்து சேவைக்கு வந்தவர், மதிப்பூதியம் பெறுகிறவர் என்றுதான் வைத்திருக்கின்றன. சம்பளம் கேட்கும்போது தொண்டர், வேலையை நிறுத்தும்போது அத்தியாவசியப் பணியாளர்.

சமூகத்துக்குப் பெரிதும் பயன்படும் வேலைகளுக்குச் சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், அந்த வேலைகளின் அருமை யாருக்கும் தெரியவில்லை என்று பதில் சொல்வது வழக்கம். அருமை தெரியாமலா அதை அத்தியாவசியம் என்று அரசாணை போடுகிறார்கள்? நன்றாகவே தெரியும். தெரிந்திருப்பது சம்பளத்தை உயர்த்துவதற்குப் பதிலாக, அந்த வேலையைச் செய்கிறவரின் பேரம் பேசும் வலுவைக் குறைக்கவே பயன்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தியாவின் அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள், சத்துணவுச் சமையலர்கள் ஆகியோரின் கதை இதைப் புரிந்துகொள்ள நல்ல இடம்.

பொருளியல் பாடநூலின் விடையை முதலில் பார்த்துவிடலாம். தண்ணீர் இல்லாமல் வாழ முடியாது, அதன் விலையோ அற்பம். வைரத்தால் பெரிய உபயோகமில்லை, அதன் விலையோ வானத்தில். ஆடம் ஸ்மித் 1776இல் எழுப்பிய இந்தப் புதிருக்கு, ஒரு நூற்றாண்டு கழித்து வந்தவர்கள் விடை சொன்னார்கள். மொத்தப் பயனைப் பார்த்து விலை அமைவதில்லை, கடைசியாகச் சேரும் ஓர் அலகின் பயனைப் பார்த்தே அமைகிறது. வேலைக்கும் இதையே பொருத்துவார்கள்: குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் சோறாக்கவும் ஏராளமானோர் கிடைப்பார்கள், அதனால் கூலி குறைவு.

இந்த விடையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நம் ஊரிலேயே அது தோற்கும் இடம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2009 மே 31க்குள் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். ஒரே படிப்பு, ஒரே வகுப்பறை, ஒரே பாடநூல். கடைசி அலகின் பயன் ஓர் இரவில் 3,170 ரூபாய் சரிந்துவிட்டதா என்ன? ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று அந்த ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். அரசுப் பள்ளி ஆசிரியரையும் பக்கத்துத் தெரு மெட்ரிக் பள்ளி ஆசிரியரையும் ஒப்பிட்டாலும் கதை இதுதான். வேலை எந்தத் தலைப்பில், எந்தத் தேதியில், யாருடைய பதிவேட்டில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தே சம்பளம் அமைகிறது.

டாக்டர்கள் நன்றாகத்தானே சம்பாதிக்கிறார்கள், பயனுள்ள வேலைக்குச் சம்பளம் இல்லை என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சோவியத் ஒன்றியத்தில் மருத்துவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்களாக இருந்தார்கள். அங்கே மருத்துவரின் சம்பளம் ஆலைத் தொழிலாளியின் சராசரிச் சம்பளத்தைவிடக் குறைவாக இருந்தது. உடலும் நோயும் மருந்தும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். பல நாடுகளில் மருத்துவர்களுக்கு இருக்கும் வலுவான சங்கம் அங்கே இருக்கவில்லை. பெண்கள் மிகுதியாக இருப்பதும் சம்பளத்தோடு தொடர்புடையது. அமெரிக்காவில் 1950 முதல் 2000 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஆராய்ந்த அசாஃப் லெவனான், பவுலா இங்கிலண்ட், பால் ஆலிசன் மூவரும், ஒரு தொழிலில் பெண்களின் பங்கு கூடும்போது பின்வரும் ஆண்டுகளில் அந்தத் தொழிலின் ஊதியம் ஒப்பளவில் சரிவதை 2009இல் காட்டினார்கள். கல்வித் தகுதியைக் கணக்கில் சேர்த்த பிறகும் இந்தச் சரிவு நின்றது.

சரி, அங்கன்வாடி வேலையின் பயன் உண்மையில் எவ்வளவு? நல்லவேளையாக இதை ஊகிக்க வேண்டியதில்லை. அளந்த இடம் தமிழ்நாடுதான். அலெஹாந்த்ரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் இங்கே 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் அரைநேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாகத் தரப்பட்டார். நம் மையங்களில் டீச்சர் ஒருவரே சத்துமாவு அளக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும், பதிவேடுகள் எழுத வேண்டும், கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போக வேண்டும். பாட்டும் கதையும் சொல்லித்தர மீதி நேரம் இருந்தால்தான் உண்டு. கூடுதலாக ஒருவர் வந்ததும் முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதங்களில் குழந்தைகளின் கணக்கும் மொழியும் தெளிவாக மேம்பட்டன. வளர்ச்சி குன்றியவர்களும், கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ளவர்களும் அந்த மையங்களில் குறைந்தார்கள். பிற்காலத்தில் அக்குழந்தைகள் ஈட்டக்கூடிய கூடுதல் வருமானத்தைக் கணக்கிட்டால் செலவைப் பல மடங்கு மிஞ்சும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

பள்ளி மதிய உணவைப் பற்றிய இன்னோர் ஆய்வு இதைவிட வியப்பானது. 2021இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளிவந்தது. பள்ளியில் மதிய உணவு பெற்று வளர்ந்த பெண்கள் பின்னாளில் தாயானபோது, அவர்களுடைய குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்தார்கள். சமையலர் ஒருவர் ஒரு சிறுமிக்குப் போட்ட சோறு, அவள் பெற்ற பிள்ளையின் எலும்பில் தெரிகிறது.

தெரிந்து என்ன? அந்தப் பலனுக்குச் சொந்தக்காரி, சமையலர் அடுப்பு மூட்டிய நாளில் ஏழு வயதுச் சிறுமி. அவளிடம் காசும் இல்லை, வாக்கும் இல்லை. பலன் ஒரு தலைமுறை தள்ளி, வேறு துறையின் கணக்கில், வேறு அரசின் காலத்தில் வந்து சேர்கிறது. செலவோ இந்த ஆண்டு நிதித்துறையின் மேசையில் இருக்கிறது. நாட்டில் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள். ஒரு பணியாளருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கூட்டினால் ஆண்டுக்கு 1,680 கோடி ரூபாய் ஆகும். நிதித்துறைச் செயலர் முதலில் போடும் கணக்கு இந்தப் பெருக்கல்தான். அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு கணக்கிடும் மதிப்பூதியம் 2018 அக்டோபரில் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆனது. அதன் பிறகு ஆண்டுகள் பல போயும் அங்கேயே நின்றது. பள்ளிச் சமையலர்களின் நிலை இன்னும் மோசம். 2009 டிசம்பரில் மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டில் பத்து மாதங்களுக்கு என்று மத்திய அரசு வைத்தது. சுமார் 25 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். சில மாநிலங்கள் தம் பங்காகக் கூட்டித் தருகின்றன. மத்திய அரசு வைத்த ஆயிரமோ பதினைந்து ஆண்டுகள் கடந்தும் ஆயிரமாகவே நின்றது. எண்ணெய், பருப்பு விலை மட்டும் நிற்கவில்லை.

இவ்வளவு பேர் இவ்வளவு குறைந்த தொகைக்கு ஏன் தொடர்கிறார்கள்? இதற்கு விடை அந்தப் பணியிடங்கள் பிறந்த விதத்தில் இருக்கிறது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கியது. உள்ளூர்ப் பெண் ஒருத்தி, சில மணி நேரம், சமூக சேவையாக என்பது அன்றைய கற்பனை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆயிரக்கணக்கான இடங்கள் உருவாயின. கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. அது அந்தப் பெண்களில் பலருக்கு முதல் முறையாகக் கையில் சொந்தக் காசு தந்த ஏற்பாடு, குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த நல்லெண்ணத்திலேயே ஒரு விலங்கும் இருந்தது. வேலை கொடுப்பதே ஓர் உதவி என்று ஆகிவிட்ட பிறகு, உதவி பெறுகிறவர் ஊதிய உயர்வு கேட்டால் அது நன்றிகெட்டதனமாகத் தெரியும். அந்த வருமானத்தில் குடும்பம் நடக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. வீட்டில் வேறொருவர் சம்பாதிப்பார், இது கூடுதலாக வரும் காசு என்றே கணக்குப் போட்டார்கள். கணவனை இழந்தவரைத் தேடித் தேர்ந்தெடுத்த திட்டத்தில் இப்படி ஒரு கணக்கு இருந்ததை எப்படிச் சொல்வது!

2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு வந்த ஆஷாக்கள் இந்தக் கற்பனையின் அடுத்த படி. ஆயிரம் பேருக்கு ஓர் ஆஷா. அவர் அந்த ஊரிலேயே வாழ்பவராக இருக்க வேண்டும். மணமானவர், கணவனை இழந்தவர் அல்லது மணவிலக்குப் பெற்றவர் என்றால் நல்லது. அங்கன்வாடிப் பணியாளருக்கும் உள்ளூர்க்காரராக இருப்பது முக்கியம். ஊரோடு ஒட்டுதல் இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம், அது வேலையும் செய்கிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. ஜோன் ராபின்சன் 1933இல் எழுதிய நூலில், உழைப்பை வாங்குகிறவர் ஒருவர் மட்டுமே இருக்கும் சந்தையில் கூலி எப்படித் தாழும் என்று விளக்கினார். ஆலை ஒன்றே ஒன்று இருக்கும் ஊரை அவருடைய கோட்பாட்டுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். ஊரை விட்டு நகர முடியாதவரைத் தேடி எடுத்து, அவர் கற்ற திறனை வாங்க அரசைத் தவிர வேறு யாரும் இல்லாத வேலையில் அமர்த்தினால், அந்த உதாரணத்தைவிடப் பிசகில்லாத சந்தை கிடைக்கிறது. எடை பார்க்கவும், இரத்தசோகையை முகத்தில் கண்டுபிடிக்கவும், தடுப்பூசிக்கு மறுக்கும் மாமியாரைப் பேசி இசைய வைக்கவும் பதினைந்து ஆண்டுகளில் கற்றவர், அடுத்த தாலுகாவில் அதை விற்க முடியாது.

தமிழ்நாடு இதில் பாதி விலகி நிற்கிறது. இங்கே ஊர்ச் சுகாதாரத்தின் முதுகெலும்பு காலமுறை ஊதியம் பெறும் கிராம சுகாதார செவிலியர். ஆஷாக்கள் மலைப்பகுதிகள் போன்ற சில இடங்களில்தான். அங்கன்வாடி, சத்துணவுப் பணியாளர்களுக்கும் ‘சிறப்புக் காலமுறை ஊதியம்’ என்று ஒன்று உண்டு. ‘சிறப்பு’ என்ற அடைமொழியை எடுத்துவிட்டு முறையான காலமுறை ஊதியம் கொடுங்கள் என்பது அவர்களுடைய பழைய கோரிக்கை. ஓய்வூதியமாக அவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் தரப்பட்டு வந்ததைப் பார்த்தால் அந்த அடைமொழியின் பொருள் விளங்கும்.

ஆஷாவுக்கு ஊதியம் தரும் முறையையும் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நல்ல வேலை எப்படி மலிவாக்கப்படுகிறது என்பதன் முழு இயக்கமும் அதில் தெரிகிறது. மாநிலம் தரும் மதிப்பூதியம் போக, அவருக்கு முக்கியமாகக் கிடைப்பது காரியத்துக்கு இவ்வளவு என்ற ஊக்கத்தொகை. பிறந்த குழந்தையை முதல் ஆறு வாரங்களில் ஆறேழு முறை வீடு தேடிப் போய்ப் பார்த்தால் 250 ரூபாய். ஓராண்டுக்குள் எல்லாத் தடுப்பூசிகளும் போட வைத்தால் 100 ரூபாய். நிறுவனப் பிரசவம் குறைவாக நடக்கும் மாநிலங்களின் ஊர்ப்புறத்தில் ஒரு பெண்ணை மருத்துவமனையில் பிரசவிக்க வைத்தால் 600 ரூபாய். எண்ண முடிந்ததற்குக் காசு உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தவளோடு ஆட்டோவில் போய், விடியும்வரை மருத்துவமனைத் திண்ணையில் காத்திருப்பதற்குத் தனி வரி இல்லை. மேல்மருத்துவமனைக்கு அனுப்பிய பிறகு பிரசவம் தனியார் இடத்தில் முடிந்தால், உழைப்பு அதே உழைப்பு, தொகை சிக்கலில். நோய் வராமல் தடுப்பதே அவருடைய வேலையின் சாரம். வராமல் போன நோயை எந்தப் படிவத்தில் நிரப்புவது?

2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் பத்து லட்சம் ஆஷாக்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்கள் விருதை வழங்கியது. காரியத்துக்கு இவ்வளவு என்ற அந்த ஊக்கத்தொகை முறை தொடர்ந்தது.

குறைந்த சம்பளத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் கண்ணியமானது ஒன்று உண்டு. சம்பளத்தைக் கூட்டினால் காசுக்காக வருகிறவர்கள் வந்துவிடுவார்கள், சேவை மனம் உள்ளவர்கள் ஒதுங்குவார்கள் என்பது. ஆந்தனி ஹேய்ஸ் என்ற பொருளியலாளர் 2005இல் செவிலியர்களை வைத்து இதைக் கோட்பாடாகவே எழுதினார். காகிதத்தில் பிழையில்லாத வாதம். ஜாம்பியாவில் 2010 வாக்கில் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களை எடுத்தபோது இதைச் சோதிக்க வாய்ப்புக் கிடைத்தது. சில மாவட்டங்களில் சமூக சேவை செய்ய வாருங்கள் என்று சுவரொட்டி, சில மாவட்டங்களில் அரசு வேலையில் முன்னேற வாருங்கள் என்று சுவரொட்டி. பதவி உயர்வைப் பார்த்து வந்தவர்கள் கூடுதலாகப் படித்தவர்கள். பணியில் சேர்ந்த பிறகு அவர்கள் மற்றவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக வீடுகளுக்குப் போனார்கள். அவர்கள் பார்த்த பகுதிகளில் எடை குறைந்த குழந்தைகளின் விகிதம் கால் பங்கு குறைந்தது. நவா அஷ்ரஃப், ஒரியானா பாண்டியெரா குழுவினரின் ஆய்வு இது. சோதிக்கப்பட்டது சம்பளத் தொகை அல்ல, முன்னேற்ற வாய்ப்பு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் சொந்த முன்னேற்றத்தை விரும்புகிறவருக்கு ஊர்ப்பற்று இருக்காது என்ற எண்ணம் அங்கே நிற்கவில்லை.

சேவை மனம் கூலியைக் குறைப்பதற்கு வேறு வழி ஒன்று இருக்கிறது. நான்சி ஃபோல்ப்ரே போன்ற பெண்ணியப் பொருளியலாளர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்: பராமரிக்கிறவர் தான் பராமரிக்கும் உயிரோடு பிணைந்துவிடுகிறார், அந்தப் பிணைப்பே அவருடைய கையைக் கட்டுகிறது. காய்கறிக்கும் எரிவாயுவுக்கும் பில் வரத் தாமதமானால் பால்வாடி டீச்சர் கைக்காசு போடுவார். போடாவிட்டால் பட்டினி கிடப்பவர் நிதித்துறைச் செயலர் இல்லையே, எதிரே தட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான். வேலைநிறுத்தத்தின் முதல் நாள் முதலாளிக்கு நட்டம் வரும் தொழில்கள் உண்டு. இங்கே முதலில் அடிபடுவது குழந்தை. பணியாளருக்கு அது தெரியும், அவருக்குத் தெரியும் என்பது அரசுக்கும் தெரியும்.

வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் 1966இல் கலை நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதியதை இங்கே ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம். ஆலையில் ஒரு மணி நேர உற்பத்தி பெருகிக்கொண்டே போகும், நால்வர் வாசிக்கும் இசைக்கு நூறாண்டு கழித்தும் அதே நால்வரும் அதே நேரமும் வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஊட்டும் நேரத்தைச் சுருக்க எந்த எந்திரமும் வரவில்லை. அதனால் இத்தகைய வேலைகளின் ஒப்பளவுச் செலவு கூடிக்கொண்டே போகும். செலவு கூடும் இடத்தில் சிக்கனத்தின் கத்தி முதலில் இறங்கும். பணியாளருக்கு அதற்குப் பதிலாகக் கிடைத்தது ஒரு செயலி: 2021 மார்ச்சில் வந்த ‘போஷன் டிராக்கர்’. அதில் தகவல் ஏற்றும் வேலையும் அவருடையதே.

பராமரிப்பு வேலைகளுக்கு வெளியேயும் இதே கதைதான். அருவருப்பான, ஆபத்தான வேலைக்குக் கூலி கூடுதலாக இருக்கும் என்று ஸ்மித் எழுதியிருந்தார். நம் ஊர்த் தூய்மைப் பணி அந்தக் கோட்பாட்டைத் தலைகீழாக்கிக் காட்டுகிறது. அந்த வேலையை விட்டு வேறு வேலைக்குப் போகலாம் என்ற கதவு பிறப்பாலேயே சாத்தப்பட்டிருந்தால், எவ்வளவு வெறுக்கத்தக்க வேலைக்கும் மலிவாக ஆள் கிடைப்பார்கள். சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இல் காட்டியது இதைத்தான். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் இரவும் பகலும் உட்கார்ந்தது, அதே தெருவில் அதே குப்பையை அள்ளும் வேலை தனியார் ஒப்பந்தத்துக்கு மாறுவதை எதிர்த்து. பெருந்தொற்றின்போது முன்களப் பணியாளர் என்று கைதட்டல் பெற்றவர்கள்தான். பதின்மூன்றாம் நாள் இரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது.

சம்பளம் எப்போதாவது அசைந்திருக்கிறது என்றால் எதனால் அசைந்தது? ஆய்வு முடிவுகளால் அசைந்ததாக எனக்குத் தெரிந்து ஓர் உதாரணமும் இல்லை. பரிந்துரைகளாலும் இல்லை. 2013 மே மாதம் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, இத்தகைய அரசுத் திட்டங்களின் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது ஏட்டோடு நின்றது. அசைத்தவை தெருவும் நீதிமன்றமும்தான். கேரளத்தில் 2025 பிப்ரவரியில் தலைமைச் செயலகத்தின் முன் ஆஷாக்கள் தொடங்கிய போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. 7,000 ரூபாயை 21,000 ஆக்கக் கேட்டார்கள். அந்த ஆண்டில் மாநிலம் கூட்டியது ஆயிரம் ரூபாய்.

நீதிமன்றத்தின் பாதை நீளமானது. 2006 டிசம்பரில் அமீர்பீ வழக்கில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று சொல்லிவிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 2022 ஏப்ரலில், குஜராத்தைச் சேர்ந்த மணிபென் மகன்பாய் பாரியா தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம் 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்றது. இடையில் மாறியது வேலையின் தன்மை அல்ல. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் உணவு தருவது அங்கன்வாடி வழியாக அரசு நிறைவேற்ற வேண்டிய சட்டக் கடமையாகியிருந்தது. குழந்தைக்குச் சட்ட உரிமை வந்த பிறகுதான், ஊட்டுகிறவருக்கு ஒரு சிறு உரிமையாவது ஒட்டிக்கொண்டது. இவர்கள் வாங்கும் மதிப்பூதியம் அந்தச் சட்டத்தின்படி ஊதியமே என்றும், இதைப் பகுதிநேர வேலை என்று சொல்வதை ஏற்க முடியாது என்றும் தீர்ப்பில் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் குஜராத் உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய்த் தொகையையே குறித்தது: பணியாளருக்கு மாதம் குறைந்தது 24,800 ரூபாய், உதவியாளருக்கு 20,300. அதுவரை அம்மாநிலத்தில் அவர்கள் வாங்கிக்கொண்டிருந்தது 10,000, 5,500. குழந்தையின் உயரம் கூடியதையோ, கணக்கில் மதிப்பெண் உயர்ந்ததையோ பணமாக மாற்றி நீதிபதிகள் இந்தத் தொகைக்கு வரவில்லை. மனிதர் கண்ணியமாக வாழ என்ன வேண்டும் என்ற கேள்வியை வைத்துக்கொண்டு, அரசு தன் ஊழியர்களின் கீழ்ப்படிகளுக்கு ஏற்கெனவே என்ன கொடுக்கிறது என்று பார்த்தார்கள்.